சிறு மதுக்கூடத்தில் பீரைச் சுவைத்து மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர், சிங்கப்பூரில் பீர் காய்ச்சும் ஏதாவது ஒரு சிறிய கடையில் கூடுகிறோம். ஆளுக்கு ஐந்து சின்னக் கிளாஸ், ஒரு பேனா, ஒரு தாள். புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

ப்ரூபப் என்றால் என்ன? மற்ற பாருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ப்ரூபப்பில் பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்கவைத்து, அங்கேயே ஊற்றித் தருவார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தொட்டிகள் நிற்பது பல கடைகளில் நாற்காலியில் இருந்தே தெரியும். சிங்கப்பூரில் பெரிய ஆலை பீருக்கு நெடிய வரலாறு உண்டு, டைகர் 1932-இல் வந்தது. சிறிய அளவில் பீர் காய்ச்சுவதை இங்கே அறிமுகப்படுத்திய கடைகளில் ஒன்று, 1997-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் தொடங்கிய ப்ரூவெர்க்ஸ். 2010-இல் மரினா பே நிதி மையத்தின் 33-ஆவது மாடியில் லெவல்33 வந்தது. அவ்வளவு உயரத்தில் தாமிரக் கொப்பரைகளை வைத்துக் காய்ச்சுகிறார்கள்.

சுவைத்துப் பழக விரும்புகிறவருக்கு இங்கே இரண்டு நன்மைகள். பீர் கப்பலில் வெயில் காய்ந்து வந்திருக்காது. காய்ச்சியவரும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார், சந்தேகம் வந்தால் அவரையே கேட்டுவிடலாம்.

எனக்கு எல்லா பீரும் கசப்பாகத்தான் தெரிகிறது. வாழைப்பழம், கிராம்பு என்றெல்லாம் எப்படிச் சொல்கிறீர்கள்?

மூக்கால்தான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. சளி பிடித்த நாளில் ரசம் வெறும் புளித்தண்ணீராகத் தெரிகிறதே, அதே கணக்கு.

என் அம்மா மது தொடாதவர். ஒருநாள் வீட்டில் ஜெர்மானியக் கோதுமை பீர் ஒன்றைக் கிளாஸில் ஊற்றி வைத்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்தவர் குனிந்து முகர்ந்துவிட்டு, "கிராம்பு போட்டிருக்காங்களா? பூவன் பழம் மாதிரியும் இருக்கே" என்றார். அந்த பீரில் கிராம்பும் இல்லை, பழமும் இல்லை. ஹெஃபவைசன் என்ற அந்த வகைக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட், புளிக்கும்போதே அந்த இரண்டு வாசனைகளையும் உண்டாக்கும். வாழைப்பழத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட், கிராம்புக்குக் காரணம் ஒரு வகை ஃபீனால். நடுவர்கள் பல ஆண்டு பழகிச் சொல்வதை, அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஐம்பது வருஷம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மூடிய மூக்கு அது.

அதனால் ஆங்கிலச் சுவைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். வறுத்த எள், பனங்கற்கண்டு, நார்த்தை இலை, கொய்யா, கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி), வெந்தயக் கசப்பு, அரிசி களைந்த தண்ணீர் என்று உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதையே தாளில் எழுதுங்கள். 'லிச்சி' என்று பக்கத்தில் இருப்பவர் எழுதியதை நீங்கள் 'நுங்கு' என்று எழுதியிருந்தால் இரண்டும் சரிதான்.

ஒரு கிளாஸை எப்படி அணுகுவது?

கிளாஸ் வந்ததும் முதலில் முகருங்கள். பார்ப்பது அப்புறம். மெல்லிய வாசனைகள் முதல் ஒரு நிமிடத்திலேயே பறந்துவிடும். கிளாஸை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு மூன்று குட்டி மூச்சு இழுத்தால் போதும். நீளமாக இழுத்தால் மூக்கு மரத்துப்போகும். மரத்துப்போனால் சொந்த முழங்கைச் சட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள், மூக்கு தெளியும்.

பிறகு நிறம், தெளிவு, நுரை. குடிக்கக் குடிக்க நுரை கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டினால் கிளாஸ் சுத்தமானது என்று பொருள். பீருக்குள் பக்கச்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெயோ சோப்போ மிச்சம் இருக்கிறது. கூச்சப்படாமல் வேறு கிளாஸ் கேளுங்கள். அழுக்குக் கிளாஸை வைத்துக் காய்ச்சியவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்து ஒரு மடக்கு, நாக்கு முழுவதும் படும்படி. விழுங்குங்கள். வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். வாய்க்குள் இருந்து மேலே ஏறும் அந்த வாசனையில்தான் பீரின் முக்கால்வாசிச் செய்தி இருக்கிறது. வைன் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள், பீர் நடுவர்கள் பெரும்பாலும் விழுங்குகிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு தொண்டையைத் தாண்டிய பிறகும் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி முடிகிறது என்பதும் மதிப்பீட்டில் சேரும்.

இரண்டாவது மடக்குக்கு முன்பு எழுதிவிடுங்கள். யாரிடமும் பேசாதீர்கள். எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரே கண்டிப்பான விதி இதுதான். ஒருவர் 'மாம்பழம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மேசையில் இருக்கும் எல்லாருக்கும் மாம்பழம்தான் மணக்கும்.

எந்த வரிசையில் குடிப்பது? எத்தனை வகை?

மென்மையில் இருந்து அடர்த்திக்கு. லேசான லாகர், கோதுமை பீர், பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ, வறுத்த பார்லியில் காய்ச்சும் ஸ்டவுட் என்று போகலாம். புளிப்பு வகை இருந்தால் ஐபிஏவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கறுப்பாக இருக்கும் ஐரிஷ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். பொன்னிறத்தில் இருக்கும் பெல்ஜிய டிரிப்பல் 8, 9 விழுக்காடு வரை போகும்.

100 மில்லி கிளாஸாக ஐந்து வகை போதும். அதற்கு மேல் எழுதும் மதிப்பெண்ணை நானே நம்பமாட்டேன். இடையிடையே சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். வருவதற்கு முன்பு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், அத்தர் பூசிக்கொண்டும் வர வேண்டாம். கைகழுவும் ஜெல்லும் எதிரிதான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போது விரலில் இருக்கும் ஸ்பிரிட் வாசனை முந்திக்கொள்ளும்.

பீர் ஜில்லென்று இருக்க வேண்டாமா?

தாகத்துக்குக் குடிக்கும்போது வேண்டும். மதிப்பிடும்போது வேண்டாம். கடுங்குளிரில் வாசனை எழும்பாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், ஏல் வகைகளுக்கு 7 முதல் 12 வரை, கனமான ஸ்டவுட்டுக்கு இன்னும் சற்றே கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் வெக்கையில் இதற்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உள்ளங்கையில் கிளாஸை ஏந்தி ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். உறைய வைத்த கிளாஸில் தந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். பனி உருகி பீரில் கலக்கும், நுரையும் கெடும்.

நல்ல பீர் என்று எதை வைத்துச் சொல்வது? பிடித்திருந்தால் நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பிடிப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. எனக்குப் பாகற்காய் பிடிக்காது. ஆனால் பாகற்காய்ப் பிட்லையை நன்றாகச் செய்திருக்கிறார்களா, அடிப்பிடித்துவிட்டதா என்று என்னால் சொல்ல முடியும். பீருக்கும் அதேதான். காய்ச்சியவர் எதைத் தருவதாகச் சொன்னார், கிளாஸில் அது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பலகையில் 'பில்ஸ்னர்' என்ற லாகர் வகையை எழுதியிருந்தால் தெளிவாக, பளிச்சென்று, காய்ந்த புல்லும் பூவும் கலந்த வாசனையோடு, துப்புரவான கசப்பில் முடிய வேண்டும். அதில் வாழைப்பழம் மணந்தால் அது பிழை. ஹெஃபவைசனில் வாழைப்பழம் மணக்காவிட்டால் அதுவும் பிழை. கோதுமை பீர் கலங்கலாக இருக்கிறது என்று ஒரு நண்பர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த வகை கலங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சமநிலை. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றை ஒன்று தாங்குகின்றனவா? மூன்றாவது, முழுக் கிளாஸ் குடிக்கத் தோன்றுகிறதா? முதல் மடக்கில் அசத்திவிட்டு நாலாவது மடக்கில் திகட்டும் பீர்கள் உண்டு. 100 மில்லியில் அவை தப்பித்துக்கொள்ளும் என்பதால், ஐயம் வந்தால் மீதியைத் தள்ளி வைத்து கடைசியில் இன்னொரு முறை குடித்துப் பாருங்கள். இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, தாளின் அடியில் 'எனக்குப் பிடித்ததா' என்று ஒரு வரி. அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?

அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் தாளைப் பின்பற்றுகிறோம். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. வாயுணர்வு என்பது கனம், நுரைப்பு, வழவழப்பு, துவர்ப்பு ஆகியவை. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். படம் எடுக்க அழகாக இருக்கும் பீருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அவ்வளவுதான்.

45-உம் அதற்கு மேலும் போனால் உலகத்தரம். 38-இல் இருந்து 44 வரை மிகச் சிறப்பு. 30-இல் இருந்து 37 வரை நன்றாகவே இருக்கிறது, சின்னச் சின்னக் குறை. 21-க்குக் கீழே போனால் ஏதோ ஒரு கோளாறு வெளிப்படையாகத் தெரிகிறது என்று பொருள். புதியவர்கள் எல்லாவற்றுக்கும் 40 போடுவார்கள். எண்ணைவிட அதன் பக்கத்தில் எழுதும் காரணத்துக்குத்தான் மதிப்பு. 'சுவை 13, கசப்பு முடிவில் கறகறவென்று நாக்கைப் பிடிக்கிறது' என்று எழுதினால் காய்ச்சியவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

பீரில் கோளாறு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில வாசனைகளைத் தெரிந்துவைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெண்ணெய், பாப்கார்ன் வாசனையும் நாக்கில் ஒரு வழுக்கலும் இருந்தால் டைஅசெட்டைல். புளிக்கும்போது ஈஸ்ட்டின் வழியாக உண்டாவது இது. நேரம் கொடுத்தால் ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். லாகர் காய்ச்சுபவர்கள் கடைசியில் இரண்டு மூன்று நாள் வெப்பத்தைச் சற்று ஏற்றிவைப்பது இதற்காகத்தான். அவசரப்பட்டால் வெண்ணெய் மிஞ்சும். பச்சை ஆப்பிள் மணத்தால் அசிட்டால்டிஹைட், அதுவும் பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. பாசார் மலாம் என்ற இரவுச் சந்தையில் கோப்பையில் விற்கும் வேகவைத்த சோளம்போல் மணந்தால் டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள், கொதிக்கவைப்பது போதவில்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை வந்தால் தண்ணீரில் குளோரின் நின்றிருக்கலாம், வேண்டாத காட்டு ஈஸ்ட்டும் புகுந்திருக்கலாம்.

ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதை ஒரு கடையில் நேரில் கற்றுக்கொண்டேன். அங்கே லாகர் வந்ததும் மேசை முழுக்க வெண்ணெய் வாசனை. எட்டுப் பேரில் ஆறு பேர் தாளில் அதையே எழுதியிருந்தோம். காய்ச்சுபவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இளைஞர், முகம் வாடிவிட்டது. கிளாஸை முகர்ந்தார், ஒரு மடக்குக் குடித்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு கிளாஸ். தொட்டியின் சிறு குழாயில் இருந்து நேராகப் பிடித்தது. அதே காய்ச்சல், அதே நாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தொட்டியில் இருந்து வந்ததில் வெண்ணெயே இல்லை. புது ரொட்டியின் மேலோடுபோல அப்படி ஒரு சுத்தமான வாசனை.

கோளாறு பீரில் இல்லை, தொட்டிக்கும் கவுண்டருக்கும் நடுவே ஓடும் குழாயில். கழுவாத குழாயில் குடியேறும் பாக்டீரியாவும் இதே வெண்ணெய் வாசனையை உண்டாக்கும். அந்தக் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அன்றைக்கு அவர் அந்தக் குழாயை மூடிவிட்டு, எங்களுக்குத் தொட்டியில் இருந்தே பிடித்துக் கொடுத்தார். நான் பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத்தாளில் அந்த லாகருக்கு 39 போட்டேன்.

வீட்டிலேயே பழக வழி இருக்கிறதா?

இரண்டு பயிற்சிகள். முதலாவதுக்கு ஹாப்ஸ் நன்றாக மணக்கும் பில்ஸ்னர் ஒரு கேன் வேண்டும். இரண்டு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள், மற்றதை வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் நேரடி வெயிலில் கால் மணி நேரம் வையுங்கள். இரண்டையும் குளிரவைத்து முகர்ந்து பாருங்கள். வெயிலில் இருந்ததில் கருகிய ரப்பர்போல ஒரு கந்தக நெடி அடிக்கும். ஒளி பட்டதும் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து உண்டாவது அது. ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. பீரைப் பழுப்புப் பாட்டிலில் அடைப்பதன் காரணமும் புரிந்துவிடும்.

இரண்டாவது முக்கோணச் சோதனை. ஒரே மாதிரி மூன்று கோப்பை. இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர். வீட்டில் யாரையாவது ஊற்றி மாற்றி வைக்கச் சொல்லி, தனியாக இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள். ஊகத்திலேயே மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால் ஐந்து முறையாவது செய்ய வேண்டும். ஐந்தும் வெறும் ஊகத்தில் சரியாக வர 243-இல் ஒரு வாய்ப்புதான். மிக நெருங்கிய இரண்டு லாகர்களை வைத்துச் செய்து பாருங்கள், நமக்கு எவ்வளவு தெரியும் என்பது நேர்மையாகத் தெரிந்துவிடும்.

பலகையில் ஐபியு என்று ஓர் எண் இருக்கிறதே?

ஹாப்ஸ் தரும் கசப்பின் அளவு. ஹெஃபவைசன் 8-இல் இருந்து 15 வரை, அமெரிக்க ஐபிஏ 40-இல் இருந்து 70 வரை. ஆனால் நாக்கில் தெரியும் கசப்பு அந்த எண்ணோடு நேராகப் போவதில்லை. மால்ட் கனமான ஸ்டவுட்டில் 60 மிருதுவாகத் தெரியும், மெலிந்த பேல் ஏலில் 45 கடுக்கும். எண்ணைக் கையால் மூடிக்கொண்டு குடியுங்கள்.

நம் சாப்பாட்டோடு எது சேரும்?

நிறையச் சோதித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்: மீன் தலைக் கறியோடு கசப்பான ஐபிஏ வேண்டாம். கசப்பும் கரியமில வாயுவும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும், கறியின் புளிப்பும் காணாமல் போகும். காரத்துக்கு மால்ட் இனிப்பு மிஞ்சியிருக்கும் ஆம்பர் அல்லது கசப்புக் குறைந்த கோதுமை பீர் நல்லது. விட்பியர் என்ற பெல்ஜியக் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டே காய்ச்சுகிறார்கள், அது மீன் வறுவலோடு உறவுக்காரர்போல ஒட்டிக்கொள்கிறது. ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு ஸ்டவுட். சுக்காவின் கருகலும் வறுத்த பார்லியின் கருகலும் ஒரே குடும்பம். ஆனால் மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் தட்டு மேசைக்கு வர வேண்டும்.

ஏன் இவ்வளவு விலை?

வரி ஒரு காரணம். பீரில் இருக்கும் தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 5 விழுக்காடு பீர் 500 மில்லியில் 25 மில்லி ஆல்கஹால், ஆக 1 வெள்ளி 50 காசு. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, பொருள் சேவை வரி 9 விழுக்காடு. இறக்குமதி மால்ட், ஹாப்ஸ், கடை வாடகை, நாள் முழுக்க ஓடும் குளிரூட்டி எல்லாம் சேரும். தண்ணீர் மட்டும் இங்கே குழாயிலேயே கிடைக்கும். ப்ரூவெர்க்ஸும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீரில் காய்ச்சிய நியூப்ரூ 2018-இல் அறிமுகமாகி 2022-இல் விற்பனைக்கே வந்தது. மறுசுழற்சி நீர் என்று தயங்கியவர்களுக்கு அதைப் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தோம், நீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

வீட்டில் நானே காய்ச்சலாமா?

18 வயது நிரம்பியவர், சொந்தப் பயன்பாட்டுக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது.

இது குடிப்பழக்கத்தை வளர்ப்பது ஆகாதா?

என் உறவிலேயே மதுவால் உடைந்த குடும்பம் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. எங்கள் மேசையில் ஒருவருக்கு மொத்தம் அரை லிட்டர், இரண்டரை மணி நேரத்தில், எழுதிக்கொண்டே. குடிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை. குடிக்காத இரண்டு பேர் முகர்ந்து மட்டும் எழுதுகிறார்கள், அவர்களுடைய வாசனைக் குறிப்புகள்தான் பல சமயம் கூர்மையானவை. குடியை விட முயல்பவர்களை நாங்கள் கூப்பிடுவதே இல்லை. யாரும் வண்டி ஓட்டி வரக் கூடாது. 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் என்பது சட்டத்தின் வரம்பு, எங்களுக்கு வரம்பு எம்ஆர்டி ரயில். இரவு 10:30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்ற 2015-ஆம் ஆண்டுச் சட்டமும், லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிக்கு இருக்கும் கூடுதல் கட்டுப்பாடும் நினைவிருக்கட்டும்.

பிழை தெரிந்தால் கடைக்காரரிடம் சொல்லலாமா? கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

சொல்லுங்கள். பெரிய ஆலையில் நீங்கள் சொல்வது யார் காதுக்கும் போகாது. சிறு கடையில் அடுத்த காய்ச்சலே மாறலாம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, மற்ற வாடிக்கையாளர் காதில் விழாமல் சொல்லுங்கள். 'நல்லா இல்லை' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த பீர், எத்தனையாவது குழாய், என்ன வாசனை, முதல் மடக்கிலேயா சூடேறிய பிறகா என்று சொல்லுங்கள். முதலில் நன்றாக இருந்ததையும் உண்மையாகச் சொல்லுங்கள். கிளாஸில் இரண்டு விரல்கடை பீரை மிச்சம் வையுங்கள், அவர் முகர்ந்து பார்க்க வேண்டுமே. "அண்ணே, மூணாவது குழாய் பேல் ஏல், ஹாப்ஸ் வாசனை அருமையா இருக்கு. கொஞ்சம் சூடானதும் வேகவெச்ச சோளம் மாதிரி ஏதோ வருது. நீங்க ஒருதரம் பார்க்கிறீங்களா?"